வினைக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல்: ஃப்ரேசல் வெர்ப் கேள்வி – பதில்

இங்கிலீஷில் ‘கிவ் அப்’, ‘புட் ஆஃப்’, ‘லுக் ஆஃப்டர்’ என்று வினையோடு சின்னச் சொல் ஒட்டி வருவதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம். அதுபற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

‘கிவ்’ என்றால் கொடு. ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் ‘கைவிடு’ என்று எப்படி ஆகிறது? மனப்பாடத்தைத் தவிர வேறு வழியே இல்லையா?
– கல்லூரி மாணவி, குடியாத்தம்

இதே கேள்வியைத் தமிழிடம் கேட்டுப் பாருங்கள். ‘போடு’ தெரியும், ‘கொடு’ தெரியும். “சார்கிட்ட என்னைப் போட்டுக்கொடுத்துட்டான்” என்றால் எதைப் போட்டான், எதைக் கொடுத்தான்? “ஊருக்குப் போயிட்டு வர்றேன், அம்மாவைப் பார்த்துக்கோ” என்றால் அம்மாவைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா? விட்டுக்கொடு, காட்டிக்கொடு, தட்டிக்கழி, ஒத்திப்போடு என்று நம்மிடமும் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இரண்டு சாதாரணச் சொற்கள் ஒட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒரு பொருளைத் தருகின்றன. பால்குடி நாளிலிருந்து கேட்டு வளர்ந்ததால் அது நமக்கு உறைப்பதில்லை.

இங்கிலீஷும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாம் இன்னொரு வினையைச் சேர்க்கிறோம். அவர்கள் அப், ஆஃப், அவுட், இன், ஆன் என்று திசை காட்டும் சொல்லைச் சேர்க்கிறார்கள். அதனால் இவற்றுக்குத் தமிழில் ஒற்றைச் சொல்லைத் தேடாமல் கூட்டுவினையையே இணையாக வையுங்கள். பார்த்துக்கொள் என்றால் ‘லுக் ஆஃப்டர்’. விட்டுக்கொடு ‘கிவ் இன்’. காட்டிக்கொடு ‘கிவ் அவே’. ஒத்திப்போடு ‘புட் ஆஃப்’. பொறுத்துக்கொள் ‘புட் அப் வித்’. பெரியவர் ஒருவர் ‘போய்ச் சேர்ந்துட்டார்’ என்கிறோமே, அது ‘பாஸ் அவே’.

நம்முடைய ‘விடு’வுக்கு ஒரு நிலையான சாயல் உண்டு. ‘சாப்பிட்டான்’ வேறு, ‘சாப்பிட்டுவிட்டான்’ வேறு. இரண்டாவதில் வேலை முடிந்துபோகிறது. இங்கிலீஷ் ‘அப்’ பல இடங்களில் இந்த ‘விடு’தான். ‘ஈட்’ சாப்பிடு, ‘ஈட் அப்’ மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. ‘யூஸ் அப்’ தீர்த்துவிடு. ‘டேர் அப்’ துண்டு துண்டாகக் கிழித்துவிடு. இந்தச் சாயலோடு ‘கிவ் அப்’பைப் பாருங்கள். கோட்டையை எதிரியிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறுவதற்கும் ‘கிவ் அப்’ என்றே சொல்வார்கள். கையில் இருப்பதை முழுவதுமாகக் கொடுத்துவிடுவது அது. அங்கிருந்துதான் பீடியை விடுவது, முயற்சியை விடுவது எல்லாம் வந்தன. நம் ‘கைவிடு’விலும் இருப்பது அதே கைதான்.

மற்றவற்றுக்கும் இப்படிச் சாயல்கள் உண்டு. ‘ஆஃப்’ பிரிந்து போவது, நின்று போவது. ‘ஆன்’ தொடர்வது. ‘அவுட்’ தீர்ந்து போவது அல்லது வெளியே தெரிய வருவது. ‘ஓவர்’ கைமாறுவது. ‘டவுன்’ குறைவது, சில இடங்களில் எழுதிவைப்பது. ஆனால் ஓர் எச்சரிக்கை. கற்ற சொல் நினைவில் நிற்பதற்கு இந்தச் சாயல் உதவும். தெரியாத சொல்லை ஊகிப்பதற்குப் பாதிதான் உதவும். புதிதாக உருவாக்குவதற்கு உதவவே உதவாது. ‘புட் அவுட்’ என்றால் நெருப்பை அணைத்தல் என்பதை யாராலும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. 1755-இல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சனே, வெளியாருக்கு இங்கிலீஷில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்று எழுதியிருக்கிறார். உங்களுக்குக் கடினமாக இருப்பது உங்கள் குறை அல்ல.

இன்னொன்று. ஒரே ஜோடிக்குப் பல பொருள் இருக்கும். ‘டேக் ஆஃப்’ என்றால் விமானம் கிளம்புவது, செருப்பைக் கழற்றுவது, வேலைக்கு லீவு போடுவது. எது என்று தீர்மானிப்பது பக்கத்தில் நிற்கும் சொல்தான். செருப்பு வந்தால் கழற்று, விமானம் வந்தால் கிளம்பு. அதனால் சொல்லைத் தனியாக எழுதிப் படிக்காதீர்கள்; வாக்கியமாகவே எழுதுங்கள்.

‘கெட்’டில் நாற்பது, ‘டேக்’கில் முப்பது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறேன். மறுநாள் கேட்டால் ஒன்றும் நிற்பதில்லை. வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஆசிரியை, வாணியம்பாடி

முதலில் அந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள், டீச்சர். கெட் அப், கெட் ஓவர், கெட் பை, கெட் த்ரூ என்று ஒரே முகமாக வரிசையில் நின்றால் ஒன்று இன்னொன்றை மனதிலிருந்து தள்ளிவிடும். ஒரே வகுப்பில் நான்கு செந்தில்கள் இருந்தால் முதல் வாரம் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

எண்ணிக்கையைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். சுமார் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற மொழித் தொகுப்பை 2007-இல் டீ கார்ட்னரும் மார்க் டேவிஸும் ஆராய்ந்தார்கள். 20 வினைகளும் 8 சின்னச் சொற்களும் சேர்ந்தே அதில் வரும் ஃப்ரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல் அடக்கிவிடுகின்றன என்று கண்டார்கள். கோ, கம், டேக், கெட், செட், கேரி, டர்ன், பிரிங், லுக், புட் எல்லாம் அந்த இருபதில் வருபவை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வருடத்தில் நூறு நன்றாகத் தெரிந்தால் தாராளம்.

வினைவாரியாக அல்லாமல் காட்சிவாரியாகக் கொடுங்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்புவது ஒரு காட்சி. ‘வேக் அப்’ கண் விழிப்பது. ‘கெட் அப்’ பாயை விட்டு எழுந்திருப்பது. ஆறு மணிக்கு விழித்து ஆறரைக்கு எழுந்திருக்கலாம் என்று சொன்னால் வித்தியாசம் பதிந்துவிடும். யூனிஃபார்மைப் போடும் செயல் ‘புட் ஆன்’. போட்ட பிறகு நாள் முழுக்க உடம்பில் இருப்பது ‘வேர்’. இதைத் தமிழில் இரண்டுக்கும் ‘போட்டிருக்கான்’ என்றே சொல்வதால் பிள்ளைகள் கட்டாயம் குழம்புவார்கள், இரண்டு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். பிறகு ஃபேனை ‘டர்ன் ஆஃப்’, பையை ‘பிக் அப்’, வீட்டிலிருந்து ‘செட் ஆஃப்’. ஆறு போதும், ஒரு வாரத்துக்கு.

பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே இருப்பவற்றையும் பயன்படுத்துங்கள். பஸ் பிரேக்டவுன், ஆஸ்பத்திரியில் செக்கப், ஹெச்.எம்.முக்கு செண்ட் ஆஃப், கம்பெனியில் லே ஆஃப். இவையெல்லாம் பெயர்ச்சொல்லாக நமக்கு வந்து சேர்ந்தவை. பெயராக இருக்கும்போது அழுத்தம் முதல் சொல்லில்: ‘பிரேக்’டவுன். வினையாக்கினால் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும், அழுத்தம் பின் சொல்லுக்குப் போகும், காலம் முன் சொல்லில் மாறும்: ‘த பஸ் ப்ரோக் டவுன்’. ‘பிரேக்டவுன்ட்’ என்று எழுதும் தப்பு இங்கேதான் பிறக்கிறது.

அட்டையின் ஒரு பக்கம் தமிழில் முழு வாக்கியம், மறுபக்கம் இங்கிலீஷில் முழு வாக்கியம். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று தமிழ்ப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். இங்கிலீஷ் பக்கத்தைக் காட்டிப் பொருள் கேட்பது எளிது. ஆனால் பேசும்போது அது கைகொடுக்காது.

‘டர்ன் ஆஃப் த ஃபேன்’ சரி என்கிறார்கள். ‘டர்ன் ஆஃப் இட்’ என்று எழுதினால் தவறு என்கிறார்கள். ஏன்?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், காட்பாடி

இந்த விதியில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது. ‘டர்ன் ஆஃப்’ பிரியக்கூடிய வகை. ஃபேன் என்ற பெயர் கடைசியிலும் வரலாம், நடுவிலும் வரலாம்: ‘டர்ன் ஆஃப் த ஃபேன்’, ‘டர்ன் த ஃபேன் ஆஃப்’. ஆனால் இட், ஹிம், ஹெர், தெம் போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில் மட்டும்தான்: ‘டர்ன் இட் ஆஃப்’. காரணம், இங்கிலீஷ் வாக்கியத்தின் வால் பகுதியில்தான் அழுத்தம் விழும். ‘இட்’ என்பது முன்பே சொன்ன பொருளைக் குறிக்கும் இலேசான சொல். அது அந்த அழுத்தத்தைத் தாங்காது. இதே காரணத்தால்தான் நீளமான பெயர் வந்தால் நடுவில் திணிக்காமல் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ‘மாடி அறையில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன்’ என்று நீண்டால் ‘டர்ன் ஆஃப்’ சேர்ந்தே நிற்கட்டும். தமிழிலும் நடுவில் ஒரு அசைக்கு இடம் கொடுக்கிறோம். ‘வந்துவிட்டான்’ என்பது ‘வந்தே விட்டான்’ ஆகிறதல்லவா?

பிரியாத வகையில் செயப்படுபொருள் நடுவில் நுழையாது. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ சரி, ‘லுக் ஹெர் ஆஃப்டர்’ தவறு. எது எந்த வகை என்று கண்டுபிடிக்கக் குட்டிச் சொல்லைப் பாருங்கள். அட், ஃபார், ஆஃப்டர், இன்டு, வித், ஃப்ரம் வந்தால் பிரியாது. அப், அவுட், அவே, டவுன், பேக் வந்து செயப்படுபொருளும் இருந்தால் பெரும்பாலும் பிரியும். ஆன், ஆஃப், ஓவர் இரண்டு பக்கமும் சாயும். ‘ஹேண்ட் இட் ஓவர்’ பிரிகிறது. துக்கத்திலிருந்து மீள்வதான ‘கெட் ஓவர் இட்’ பிரியாது. இந்த மூன்றையும் வாக்கியத்தோடு கற்பதே பாதுகாப்பு.

மூன்று சொல் ஜோடிகள் பெரும்பாலும் பிரிவதில்லை: ‘புட் அப் வித் இட்’. ‘ரன் அவுட் ஆவ்’ என்றால் கையிருப்பு தீர்ந்துபோவது, கிரிக்கெட் ரன் அவுட்டோடு சம்பந்தமில்லை. ‘லுக் ஃபார்வர்ட் டு’ வந்தால் அடுத்த வினை ‘இங்’ ஏற்கும். ‘டு மீட்டிங் யூ’ என்று எழுதுங்கள், ‘டு மீட் யூ’ அல்ல.

நர்சிங் கடைசி வருடம். வெளிநாட்டில் மருத்துவ வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் இங்கிலீஷ் தேர்வான ஓ.இ.டி.க்குப் படிக்கிறேன். மருத்துவச் சொற்கள் தெரிகின்றன, ஆனால் பயிற்சி ஒலிப்பதிவில் நோயாளி பேசுவது புரியவில்லை.
– மாணவி, வேலூர்

படிப்பில் நீங்கள் கற்றது கேஸ் ஷீட் மொழி. பிரிட்டனிலோ அயர்லாந்திலோ நோயாளி பேசுவது வீட்டு மொழி. ‘வாமிட்டிங்’ என்று அவர் சொல்ல மாட்டார், ‘ஐ த்ரூ அப்’ என்பார். இன்னும் குழப்பமாக, பிரிட்டனில் ‘ஐ வாஸ் சிக்’ என்றாலே வாந்தி எடுத்தேன் என்று பொருள் வரும். மயங்கி விழுந்தால் ‘ஐ பாஸ்ட் அவுட்’. மயக்கம் தெளிந்தால் ‘கேம் ரவுண்ட்’. காய்ச்சல் சளி பிடித்துக்கொண்டால் ‘கேம் டவுன் வித்’. உடம்பில் திட்டுத் திட்டாகத் தடிப்பு கிளம்பினால் ‘ப்ரோக் அவுட் இன் எ ராஷ்’. அது மறைந்தால் ‘க்ளியர்ட் அப்’. கால் வீங்கினால் ‘ஸ்வெல் அப்’. அடங்கியிருந்த மூட்டுவலி திடீரென்று கிளம்பினால் ‘ஃப்ளேர் அப்’. மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் மெல்லக் குறைவது ‘வேர் ஆஃப்’. எடை கூடுவது ‘புட் ஆன் வெயிட்’.

நீங்கள் சொல்ல வேண்டியவையும் உண்டு. ‘லை டவுன்’ படுங்கள், ‘ரோல் அப் யுவர் ஸ்லீவ்’ சட்டைக்கையைச் சுருட்டுங்கள், ‘ப்ரீத் இன், ப்ரீத் அவுட்’ மூச்சை இழுத்து விடுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்ல ‘கட் டவுன் ஆன் சால்ட்’. அடியோடு நிறுத்தச் சொல்ல ‘கட் அவுட்’. டவுன், அவுட் இரண்டையும் மாற்றிச் சொன்னால் அறிவுரையே மாறிப்போகும். ஒரு நோயைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்குவது ‘ரூல் அவுட்’. ‘உறுதி செய்வது’ என்று தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் வாழ்நாளில் மாற்றிச் சொல்லவே கூடாது. ‘பாஸ்ட் அவுட்’ மயக்கம், ‘பாஸ்ட் அவே’ மரணம். உறவினரிடம் பேசும்போது நாக்கு பிறழ்ந்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. இந்த இரண்டையும் வாக்கியத்தோடு சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

ஓ.இ.டி. பேச்சுப் பகுதியில் சுமார் ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு உரையாடல்கள் வரும். நீங்கள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளியோ உறவினரோ. அங்கே எளிய வீட்டு மொழி பேசுவது நல்லது. ஆனால் எழுத்துப் பகுதியில் வரும் கடிதத்தில் ‘த்ரூ அப்’ வேண்டாம், ‘வாமிட்டட்’ என்றே எழுதுங்கள். வேலூர் வார்டில் இருக்கும்வரை இன்னொரு கவனமும் தேவை. இங்கே வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளிடம் இங்கிலீஷ் பேச நேர்ந்தால் ‘வாமிட்’, ‘ஃபீவர்’, ‘ஸ்டாப்’ போன்ற ஒற்றைச் சொற்களே சீக்கிரம் புரியும். ஃப்ரேசல் வெர்ப் தெரிந்திருப்பது ஒரு திறமை. அதை எங்கே பேசாமல் இருப்பது என்று தெரிவதும் அதில் அடக்கம்.

ஷூ ஏற்றுமதி நிறுவனத்தில் வெளிநாட்டு வாங்குபவர்களின் மெயிலுக்குப் பதில் எழுதுகிறேன். எந்தச் சொற்களில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், ஆம்பூர்

புகார் மெயிலில் எந்தக் குட்டிச் சொல் என்பதைப் பொறுத்து, தவறு யாருடையது என்பதே மாறும். ‘த சோல் ஹேஸ் கம் ஆஃப்’ என்றால் அடிப்பாகம் கழன்று வந்துவிட்டது, ஒட்டியதில் குறை என்று பொருள் படும். ‘வோர்ன் அவுட்’ என்றால் போட்டுப் போட்டுத் தேய்ந்து பயனற்றுப் போனது. ‘வோர்ன் டவுன்’ குதிகால் ஒரு பக்கம் தேய்ந்து தாழ்ந்தது. ‘வேர் ஆஃப்’ பளபளப்பு மெல்ல மறைவது. ‘ரப் ஆஃப்’ சாயம் சாக்ஸில் ஒட்டுவது. அப்படி எழுதியிருந்தால் ஃபினிஷிங் பக்கம் பாருங்கள். ‘பிரேக் இன்’ என்று வந்தால் பதற வேண்டாம். புது ஷூவைப் போட்டு நடந்து காலுக்குப் பழக்குவது அது. ஆனால் கடையைப் பற்றிய பேச்சில் அதே ‘பிரேக் இன்’ திருடன் உடைத்து நுழைவது.

தேதிதான் அடுத்த பள்ளம். ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்றால் நாளை முன்கூட்டியே கொண்டுவருவது, நாம் ‘ப்ரீபோன்’ என்கிறோமே அது. ‘ஃபார்வர்ட்’ என்றதும் தள்ளிப்போவதாக நினைத்துவிடுகிறார்கள். தள்ளிப்போவது ‘புட் பேக்’ அல்லது ‘புஷ் பேக்’. அமெரிக்கர் ‘மூவ் அப்’ என்றால் முன்கூட்டி. இவ்வளவு குழப்பம் இருப்பதால், எந்தச் சொல்லைப் போட்டாலும் பக்கத்தில் ‘ஜூன் 10-க்குப் பதில் ஜூன் 3’ என்று இரண்டு தேதியையும் எழுதிவிடுங்கள். வாங்குபவர் அப்படி எழுதாவிட்டால் கேட்டு உறுதி செய்யுங்கள்.

‘புட் ஆஃப்’ தள்ளிவைப்பு, ‘கால் ஆஃப்’ ரத்து. ஆனால் ‘கால் ஆஃப் ஆர்டர்’ என்று பெயராக வந்தால் ரத்து அல்ல. மொத்தமாகப் போட்ட ஒப்பந்தத்திலிருந்து இந்தத் தவணைக்கு இத்தனை ஜோடி அனுப்பு என்று கேட்கும் ஆர்டர் அது. இதை ரத்து என்று எண்ணி உற்பத்தியை நிறுத்தினால் நஷ்டம் பெரிது. சரக்கு துறைமுகத்தில் நின்றுவிட்டால் ‘ஹெல்ட் அப்’. ‘ஹோல்ட் ஆஃப்’ என்று அவர்கள் எழுதினால் இப்போதைக்குத் தொடங்காதே, பொறு என்று சொல்கிறார்கள்.

பிளஸ் டூ மகளுக்கு, கோடிட்ட சொல்லுக்குப் பதில் ஃப்ரேசல் வெர்ப் போடச் சொல்லிக் கேள்வி வருகிறது. சுலப வழி உண்டா?
– ஒரு தந்தை, ஆற்காடு

கோடிட்ட சொல் பெரும்பாலும் லத்தீன், பிரெஞ்சு வழி வந்ததாக இருக்கும். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அப்படிப்பட்ட சொற்கள் ஏராளமாக வந்து சேர்ந்தன. அந்தச் சொல்லையும் அதற்குரிய ஃப்ரேசல் வெர்ப்பையும் ஜோடியாகவே மகள் படிக்கட்டும்: எக்ஸ்டிங்விஷ் ‘புட் அவுட்’, போஸ்ட்போன் ‘புட் ஆஃப்’, கேன்சல் ‘கால் ஆஃப்’, டாலரேட் ‘புட் அப் வித்’, இன்வெஸ்டிகேட் ‘லுக் இன்டு’, ரிஜெக்ட் ‘டர்ன் டவுன்’, கன்டின்யூ ‘கேரி ஆன்’, எக்ஸிக்யூட் ‘கேரி அவுட்’. மகள் சொல்லைச் சரியாகப் போட்டும் மதிப்பெண் போகிறதென்றால் காலத்தைப் பாருங்கள். கேள்வியில் ‘ரிஜெக்டட்’ என்றிருந்தால் விடை ‘டர்ன்ட் டவுன்’. இந்தப் பட்டியலில் ‘புட்’ மட்டும் இறந்தகாலத்திலும் ‘புட்’தான். ‘ஆஃப்’ எழுதும்போது இரண்டு ‘எஃப்’ இருக்கட்டும். ஒன்று போட்டால் ‘ஆவ்’ ஆகிவிடும்.

காட்பாடியில் ‘கெட் டவுன்’ என்று சொல்வது தவறா?
– ரயில் பயணி, சோளிங்கர்

நமக்குள் தவறில்லை, இந்தியா முழுக்கப் புரியும். வெளிநாட்டில் ‘கெட் டவுன்’ என்றால் குனிந்துகொள் என்றோ ஏணியிலிருந்து இறங்கு என்றோ எடுத்துக்கொள்வார்கள். எழுந்து நடமாடக்கூடிய பஸ், ரயில், விமானத்துக்கு ‘கெட் ஆன், கெட் ஆஃப்’. குனிந்து நுழையும் கார், ஆட்டோவுக்கு ‘கெட் இன், கெட் அவுட் ஆவ்’. சைக்கிள், பைக் மேலே ஏறி உட்காருவதால் அவற்றுக்கும் ஆன், ஆஃப்.

பயோடேட்டாவில் ‘பாஸ்ட் அவுட் இன் 2023’ என்று எழுதாதீர்கள், ‘கிராஜுவேட்டட்’ போடுங்கள். ‘கோப் அப் வித்’ எங்குமே சரியில்லை. ‘கோப் வித்’ போதும். ‘கீப் அப் வித்’, ‘புட் அப் வித்’ பழகிய நாக்கு அந்த ‘அப்’பைத் தானாகச் சேர்த்துவிடுகிறது.

படிவத்துக்கு ஃபில் அப், ஃபில் இன், ஃபில் அவுட், எது?
– வாசகி, பேரணாம்பட்டு

பிரிட்டனில் முழுப் படிவத்துக்கும் ‘ஃபில் இன்’, அமெரிக்காவில் ‘ஃபில் அவுட்’. நம் ஊர் பேங்கில் ‘ஃபில் அப்’ என்கிறார்கள், புரியும். ஆனால் தேர்வில் அதை பெட்ரோல் டேங்குக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். காலியிடத்தில் பெயர், தேதி எழுதுவதற்கு எல்லா ஊரிலும் ‘ஃபில் இன்’தான்; வினாத்தாளில் ‘ஃபில் இன் த பிளாங்க்ஸ்’ என்று இருப்பதை நினைத்துக்கொண்டால் மறக்காது.